ஃபேஷியல் செய்ய மறுத்த அக்கா

தண்டலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த அறையில் ஒரே ஒரு கண்ணாடி. ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் வரிசை நிற்கும். கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கி, தொப்பி, மாஸ்க், நீளக் கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டால் கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். எட்டு மணி நேரம் யாரும் பார்க்கப் போகாத முகத்துக்கு எதற்கு இவ்வளவு பவுடர் என்று எங்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா போன் செய்தாள். "மூஞ்சியக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கறுப்பாகப் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டாம். அறைத்தோழி ஒரு க்ரீமின் பெயரைச் சொன்னாள். மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் ஆடி போகட்டும் என்று தள்ளிப்போட, நானும் விடாமல் மூன்று மாதம் போட்டேன். நடுவில் இரண்டு நாள் விட்டால் முகம் எரியும், சிவக்கும், பொரிப்பொரியாக வரும். திரும்பப் போட்டால் அடங்கும்.

இதற்கு ஃபேஷியல்தான் வழி என்று நினைத்து, நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் மாடியில் இருந்த பார்லருக்குப் போனேன். கோல்டு ஃபேஷியல் கேட்டேன். இரண்டு நாள் சம்பளம். அக்கா என் முகத்தை டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்ன க்ரீம் போடற?"

போனில் படம் காட்டினேன்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. தோலு வெங்காயச் சருகாட்டம் ஆயிருக்கு. இப்ப ஸ்டீம் குடுத்து ஸ்க்ரப் போட்டுத் தேய்ச்சா இன்னும் புண்ணாகும். நான் பண்ண மாட்டேன். பெரியாஸ்பத்திரில தோல் டாக்டரப் பாரு."

அன்று கடையில் வேறு ஆளே இல்லை. வந்த காசை வேண்டாம் என்றார்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். இந்த வகைக் களிம்புகள் தோல் நோய்க்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும் தருகிற மருந்து. விடாமல் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி முளைக்கும். 2018-இலேயே அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியல் வேறு, கடை வேறு.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. 2020-இல் பெயரில் இருந்த ஃபேர் போய் க்ளோ வந்தது. இதற்கு நடுவில், 2009-இல், கறுப்பும் அழகுதான் என்று ஒரு பிரசாரம் சென்னையிலிருந்தே கிளம்பியது. எங்கள் வீட்டுத் திண்ணைவரை அது வந்து சேரவில்லை. அவர்கள் பார்க்க வந்தபோது என் முகம் சிவந்து உரிந்திருந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அன்று ராத்திரி ஷிஃப்ட்.

தோல் தேறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அக்கா எனக்கு முதல் ஃபேஷியல் செய்தார். கோல்டு எல்லாம் வேண்டாம், சாதாரணமே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அழுக்கு போகும், மூக்கோரத்துக் கரும்புள்ளி போகும், மசாஜில் ரத்தம் ஓடி இரண்டு மூன்று நாள் முகம் தெளிவாக இருக்கும். "கலர் மாறாது, மாத்துறேன்னு சொல்றவங்ககிட்ட போகாத" என்றார்.

அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. நாற்பது நிமிடம் படுத்துக் கிடந்தேன். டார்கெட் கேட்க யாரும் வரவில்லை. நெற்றியிலிருந்து காதுவரை அந்தக் கட்டைவிரல்கள் போய்ப்போய் வந்தன. வயசுக்கு வந்த பிறகு என் முகத்தை இப்படி யாரும் தொட்டதில்லை.

"ராத்திரியானா இந்தக் கட்டவிரல மடக்கவே முடியாது" என்றார் நடுவில். காலையிலிருந்து நின்றபடியே இருந்திருக்கிறார். எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"படு படு. பேக் காயணும். அடுத்த ஆள் வர்ற வரைக்கும் தூங்கு."