கடைசியாக ஆர் கை வைச்சது?

மாமாவின் கொரோலா 110 இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு கணம் கத்தும். என்ஜின் சுற்று ஏறும், கார் இழுக்காது. பிறகு ஓர் உதறலோடு பிடிக்கும். 1997ஆம் ஆண்டு வாகனம், ஒட்டோ கியர். முதலில் காட்டிய இடத்தில் "கியர் பெட்டி முடிஞ்சுது, கொழும்பு பஞ்சிகாவத்தையில பழசு ஒண்டு பாருங்கோ" என்று கைவிரித்துவிட்டார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இலங்கையில் பழைய ஜப்பான் கார்களைக் கையில் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை. 2025இல் தடை நீங்கியும், வரியோடு வரும் விலைக்குப் புதிது வாங்க மாமாவால் ஏலாது.

காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், வேப்பமரத்துக்குக் கீழே அந்தக் கராஜ். சுவரில் கருகிய கிளச் தட்டுகள் கம்பியில் கோத்துத் தொங்கின. நான் பொனட்டைத் திறக்கப் போனேன். கராஜ்கார அண்ணை மறித்தார்.

"கடைசியா ஆர் கை வைச்சது? என்னத்துக்கு?"

இரண்டு மாதத்துக்கு முன் திரொட்டில் பொடியைக் கழற்றிக் கழுவியதாகச் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

பிறகு கியர் ஒயில். என்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி கியர்த்தடியை ஒவ்வோர் இடமாக இழுத்து, திரும்பப் பார்க்கிங்கில் விட்டுவிட்டுத்தான் ஒயில் கம்பியை உருவினார். அளவு சரி. ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் ஒற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நல்ல ஒயில் சிவப்பாக இருக்கும். கிளச் கருகினால் கறுத்து, அடிப்பிடித்த சட்டி மாதிரி மணக்கும். எங்களுடையது செம்பழுப்பு. கருகல் மணம் இல்லை.

"சாகேல்ல. சுகமாயும் இல்ல."

யாழ்ப்பாணத்தில் கியர் சோதிக்க ஒரு மேடு கிடையாது. அதற்கு அவரிடம் வேறு வழி இருந்தது: வேலை பழகும் மூன்று பொடியன்களையும் பின்சீட்டில் ஏற்றினார். அவர்களுக்கு அது விளையாட்டு, காருக்குச் சுமை. பலாலி வீதியில் மெதுவாகப் போனபோது ஒரு குறையும் தெரியவில்லை. காலை அழுத்தியதும் கத்தியது. அதைவிட, மூன்றாவது கியர் நேரத்துக்கு முந்தியே வந்துவிடுகிறது என்றார். இத்தனை மாதம் ஓட்டிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வந்த பிறகுதான் பொனட் திறந்தது. திரொட்டிலிலிருந்து கியர் பெட்டிக்குள் மெல்லிய கேபிள் ஒன்று இறங்குகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். கேபிள் இழுபட்டால் உள்ளே ஒயில் அழுத்தம் கூடும், கிளச் இறுகப் பிடிக்கும். தளர்ந்திருந்தால், நாம் அழுத்தி மிதித்தாலும் பெட்டி அதை மெல்லிய மிதி என்றே எடுத்துக்கொள்ளும்: கியரை முந்தி மாற்றும், போதிய அழுத்தமில்லாமல் கிளச்சை வழுக்கவிடும்.

எங்களுடைய கேபிள் தொய்ந்து கிடந்தது. கழுவியவர்கள் திருப்பிப் பூட்டும்போது இரண்டு நட்டுகளையும் பழைய இடத்தில் இறுக்கவில்லை. உள்கம்பியில் நசுக்கிப் பொருத்திய சின்ன மணிக்கும் உறையின் நுனிக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாதாம். அண்ணை அளவுகோல் எடுக்கவில்லை; பெருவிரல் நகத்தை இடையில் வைத்துப் பார்த்து, நட்டை இளக்கி, உறையை நகர்த்தி, இறுக்கினார். கூட இறுக்கினாலும் கரைச்சல்தான், கியர் பிந்தி, இடித்துக்கொண்டு மாறும். இரண்டு தரம் ஓடிப் பார்த்து இரண்டு தரமும் திருத்தினார். மூன்றாம் தரம், பொடியன்கள் மூவரும் பின்னால் இருக்க, கத்தல் இல்லை.

எனக்குச் சந்தோசம். அவருக்கு அவ்வளவாக இல்லை.

"ரெண்டு மாசம் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கு. தட்டு எவ்வளவு தேஞ்சிருக்கெண்டு கேபிளைத் திருத்தினாப்போல தெரியாது."

ஒயில் ஒற்றிய கடதாசியில் கார் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, ஆணியில் குத்தியிருந்த மற்றக் கடதாசிகளோடு சேர்த்தார். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு வரட்டாம், பக்கத்தில் இன்னொரு துளி வைத்துப் பார்ப்பாராம்.