நினைவு உதிர்ந்த பின்னும்

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள், புரூனெல்லா ஸ்கேல்ஸ் என்னும் ஆங்கிலேய நடிகையார் இலண்டன் மாநகரில் தம் இல்லத்தில் கண்மூடினார். அகவை 93. நம் வாசகருள் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அச்செய்தியைப் படித்தபோது நமக்கோ, நெருங்கிய உறவினர் ஒருவரை இழந்தாற்போல் இருந்தது. காரணம் உண்டு. இளமையில் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் அவர். பின்னொரு நாளில், நம் மனச்சான்றின் முன் நம்மை நிறுத்தி வைத்தவரும் அவரே.

1990களின் தொடக்கத்தில் நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்று வந்தோம். எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய குருவானவர், இலக்கணப் பாடத்தால் மட்டும் எங்கள் நா வளையாது என்று கண்டு, ஒரு சனிக்கிழமை மாலையில் வீடியோ கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்னும் பி.பி.சி. நகைச்சுவைத் தொடர் அது. டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் ஒரு விடுதி. அதன் உரிமையாளர் பேசில், விருந்தினரையே பகைவராய்க் கருதும் முன்கோபி. அவர் மனைவி சிபிலோ கோபுரம் போல் கொண்டையிட்டு, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், "ஆமாம், எனக்குத் தெரியுமே" என்று இழுத்து இழுத்துப் பேசுபவர். ஆனால் அவர் ஒரு முறை கணவரின் பெயரைக் கூவி அழைத்தால் போதும், அந்த நெடிய மனிதர் நின்ற இடத்திலேயே சிலையாவார். எங்களுக்குப் பாதி உரையாடல் புரியவில்லை. ஆயினும் சிரித்தோம். அந்தச் சிபில்தான் புரூனெல்லா ஸ்கேல்ஸ்.

கலை வாழ்வு

1932ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் சர்ரே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தையாரின் குடும்பப் பெயர் இல்லிங்வொர்த். தாயார் நடிகை, அவருடைய 'ஸ்கேல்ஸ்' என்னும் பெயரையே மகளும் மேடைக்கு எடுத்துக்கொண்டார். ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, 1952இலேயே தொலைக்காட்சியில் தோன்றினார். 1961இல் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் பேருந்து நடத்துநராக வந்தார். 1963 முதல் 1966 வரை ஒளிபரப்பான 'மேரேஜ் லைன்ஸ்' தொடரில் புதுமணப் பெண்ணாக நடித்தபோதுதான் நாடு அவரை அறிந்துகொண்டது.

'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் 6, 1979இல் 6 என மொத்தம் 12 பகுதிகளே வெளிவந்தது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொகுத்த சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் அதுவே முதலிடம் பெற்றது. அதை எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கோனி பூத்தும். சிபில் வேடத்துக்கு அழைக்கப்பட்டபோது ஸ்கேல்ஸ் கேட்ட முதற்கேள்வி, 'இவ்விருவரும் ஏன் மணந்துகொண்டார்கள்?' என்பதாம். எழுதியவர்களிடம் அதற்கு ஆயத்தமான விடை இல்லை. ஆகவே தாமே சிந்தித்து, சிபில் கணவரைவிடச் சற்றுத் தாழ்ந்த படியிலிருந்து வந்தவர், விடுதித் தொழிலை உண்மையில் அறிந்தவர் என்று முடிவு செய்து, அதற்கேற்ற குரலையும் கூந்தலையும் நடையையும் அமைத்தார். எழுதியவர்கள் முதலில் திகைத்தார்கள். பின்னர் அதுவே சரியென ஏற்றார்கள். எரிச்சலூட்டும் ஒரு பெண்ணைக்கூட, அவள் ஏன் அவ்வாறு ஆனாள் என்று புரிந்துகொண்ட பின்னரே நடிக்க முன்வந்தார் இவர்.

சிபிலோடு அவர் நின்றுவிடவில்லை. ஆலன் பென்னட் எழுதிய நாடகத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியாராக 1988இல் மேடையிலும், 1991இல் தொலைக்காட்சியிலும் நடித்தார். விக்டோரியா அரசியாரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்தமைத்த நிகழ்ச்சியொன்றைப் பல ஆண்டுகள் பல நாடுகளில் நடத்தினார். 1992இல் வெளியான 'ஹோவர்ட்ஸ் எண்ட்' திரைப்படத்தில் தம் மகன் சாமுவேல் வெஸ்டுடன் நடித்தார். அதே ஆண்டில் அரசு அவருக்குச் சி.பி.இ. விருது அளித்துச் சிறப்பித்தது.

"நீ எங்கே?"

திரையில் ஓயாமல் சண்டையிட்ட அந்த மனைவி, இல்லத்தில் 61 ஆண்டுகள் ஒரே கணவருடன் வாழ்ந்தார். அவர் திமொத்தி வெஸ்ட் என்னும் நடிகர். 1961இல் பி.பி.சி. நாடகம் ஒன்றில் இருவரும் சேர்ந்து நடித்தபோது, ஒத்திகையின் ஓய்வு நேரங்களில் செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரை ஒன்றாக அமர்ந்து தீர்த்தார்கள். நட்பு அங்கே தொடங்கிற்று. வெஸ்டின் முந்தைய மணவாழ்வு முறிந்திருந்தது. அதில் ஒரு மகளும் இருந்தார். 1963இல் இவர்கள் மணந்துகொண்டார்கள். இரண்டு ஆண் மக்கள் பிறந்தனர்.

நாடக நடிகரின் வாழ்வு நாடோடி வாழ்வு. இவர் ஓர் ஊரில், அவர் வேறோர் ஊரில். ஆகவே வெஸ்ட் தம் மனைவிக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் 1994இல் நூலாக வெளிவந்தன. அந்நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நான் இங்கிருக்கிறேன் என்று நினைக்கிறேன், நீ எங்கே?' என்று வரும். ஊர் ஊராய் அலையும் நடிகர் வேடிக்கையாய் வைத்த தலைப்பு அது. அந்தக் கேள்வியை வேறொரு பொருளில் வாழ்நாளின் மாலையில் தாம் கேட்க நேரும் என்று அவர் அன்று எண்ணியிருக்க மாட்டார்.

ஒரு நாள் மனைவி நடித்த நாடகத்தைக் காண அவர் சென்றிருந்தார். யாருக்கும் குறையேதும் தெரியவில்லை. உடன்வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிந்தது: அடுத்த வரி எதுவென்று அவர் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தார். ஆண்டுகள் சென்றன. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதால் வரும் மறதிநோய் என்பது 2013இல் உறுதியாயிற்று. ஆயிரமாயிரம் வரிகளை மனப்பாடம் செய்தே வாழ்ந்த ஒருவருக்கு இத்தகைய நோய்! உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். எண்ணிக்கை பெரிது, ஒவ்வொரு வீட்டிலும் துயரம் தனித்தனி. தாம் அறிந்து அன்பு செய்த ஒருவர் சிறிது சிறிதாக மறைந்துபோவதைக் கண்ணெதிரே காண்பதே மிகுந்த வேதனை என்று வெஸ்ட் மறைக்காமல் சொன்னார்.

கால்வாய்ப் பயணம்

வேதனையோடு அவர்கள் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. இங்கிலாந்தின் கால்வாய்களில் செல்லும் ஒடுங்கிய நீண்ட படகு ஒன்றை அவர்கள் பல்லாண்டுகளாக வைத்திருந்தார்கள். மக்கள் அக்கால்வாய்களில் பலவற்றைக் கைவிட்ட காலத்திலும் இவர்கள் அவற்றை நேசித்தார்கள். 1810இல் திறக்கப்பட்ட கென்னட்-ஏவன் கால்வாய் 87 மைல் நீளம் உடையது. சேறு படிந்து, வாயில்கள் உளுத்து, படகு செல்ல முடியாமல் போன அதைத் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்தார்கள். 1990இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, அதில் முதலில் பயணம் செய்தவருள் இவ்விருவரும் அடங்குவர்.

2014 முதல் 2019 வரை, 'கிரேட் கனால் ஜர்னீஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்காக இருவரும் மீண்டும் படகேறினார்கள். தொடக்கத்தில் அவருக்கு அகவை 79, அம்மையாருக்கு 81. படகு மணிக்கு நான்கு மைலுக்கு மேல் செல்லாது. மனிதர் நடக்கும் வேகந்தான். மேட்டு நிலம் குறுக்கிட்டால் 'லாக்' என்னும் அறைக்குள் படகை நிறுத்தி, கதவை அடைத்து, மதகைத் திருகி நீரைப் பெருகவிட வேண்டும். நீர் உயர உயரப் படகும் உயரும். அவசரக்காரருக்கு அங்கே வேலையில்லை. வேல்ஸ் நாட்டின் பள்ளத்தாக்கிற்கு மேலே, 38 மீட்டர் உயரத்தில், 1805இல் கட்டி முடித்த இரும்பு நீர்ப்பாலத்தின் மீதும் அவர்கள் படகில் சென்றார்கள். பிரான்சுக்கும், நம் அண்டை மாநிலமான கேரளத்தின் காயல்களுக்கும் சென்றார்கள்.

மனைவிக்குக் கால்வாய் ஏன் பொருந்துகிறது என்பதற்கு வெஸ்ட் சொன்ன விளக்கம் எளிது. அவரால் எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கால்வாயில் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. கண்முன் வருவதை வரும்போதே அனுபவித்தால் போதும். இதுவே அவர் கருத்து. விடுமுறைக்கு வந்த பங்கு மகன் ஒருவர் தம் கணினியில் அத்தொடரை நமக்குக் காட்டியபோது, இவ்விடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

நம் வீட்டுக் கதை

நம்மைப் பெற்ற அன்னையார் தம் கடைசி ஐந்தாண்டுகளை இதே நோயில் கழித்தார். மூத்த அண்ணன் இல்லத்தில் அண்ணியாரே அவரைப் பேணினார். குருப்பட்டம் பெற்ற பின்னர் உறவினர் எல்லாரும் நம்மைச் 'சாமி' என்று அழைத்தபோது, அன்னையார் மட்டும் 'தம்பி' என்றே அழைத்து வந்தார். ஒரு நாள் நாம் சென்றிருந்தபோது முதன்முறையாக அவரும் 'சாமி' என்றார்.

"சாமி, உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா? எம் மவனும் ஒங்கள மாதிரி சாமியார்தான். அவனுக்கு வேல அதிகம். வர நேரமிருக்காது."

"அம்மா, அந்த மகன் நான்தான்" என்றோம். அவர் மரியாதையோடு சிரித்தார், ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டோம் என்று. மீண்டும் மீண்டும் திருத்தினோம். பழைய புகைப்படங்களைக் காட்டித் தேர்வு வைத்தோம். அவர் முகம் வாடியதே கண்ட பலன். பின்னர் நாம் செல்வது குறைந்தது. சென்றாலும் வாசலைத் தாண்டுமுன் மறந்துவிடுவாரே, சென்று என்ன பயன் என்று நமக்கு நாமே நியாயம் கற்பித்துக்கொண்டோம். மாதம் ஒரு முறை என்பது திருவிழாவுக்கு ஒரு முறை என்றாயிற்று. ஒரு நாள் அண்ணியார் தொலைபேசியில் சொன்னார்: "சாமி, நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கு ராத்திரி அத்தை நல்லாத் தூங்குறாங்க. யாரு வந்தாங்கன்னு கேட்டாத் தெரியல. ஆனா சந்தோஷமா இருக்காங்க." ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று எண்ணி அதையும் கடந்து போனோம்.

அன்னையார் மறைந்து ஓராண்டு கழித்தே அந்தப் படகுத் தொடரை நாம் கண்டோம். அண்ணியார் வீட்டுக் கூடத்தில் கண்டறிந்ததையே அந்த நடிகர் படகில் கண்டறிந்திருந்தார். மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால் அது நினைவில் நிலைக்க வேண்டும் என்று நாம் தவறாக எண்ணியிருந்தோம். மறந்துபோன மகிழ்ச்சியும் மகிழ்ச்சியே. அந்த இரவின் தூக்கம் அதற்குச் சான்று.

நினைவாற்றலைப் பரந்ததோர் அரண்மனைக்கு ஒப்பிட்டுப் புனித அகுஸ்தினார் எழுதியதைக் குருமடத்தில் வியந்து படித்தோம், தேர்விலும் எழுதினோம். அந்த அரண்மனை இடிந்து விழுந்தால் அதில் வாழ்ந்தவர் எங்கே போவார் என்று அன்று நாம் கேட்கவில்லை. இன்று ஒரு விடை தோன்றுகிறது: அவர் பிறர் உள்ளத்தில் குடியேறுகிறார். மனைவி இழந்த நினைவுகளைக் கணவர் தம்மிடம் காத்துவைத்தார். 2023இல் தம் இருவரின் வாழ்வையும் நூலாகவும் எழுதினார். நோயிலும் நலத்திலும் பிரியோம் என்று பீடத்தின் முன் மணமக்கள் வாக்களிக்கும்போது, 'நீ உன்னை மறந்தாலும் நான் உன்னை மறவேன்' என்பதும் அதில் அடங்கியிருப்பதை இப்போதுதான் நாம் கேட்கிறோம். நாம் பிறரை நினைப்பதால் மட்டுமன்று, நினைக்கப்படுவதாலும் வாழ்கிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், தம் 90ஆம் அகவையில், திமொத்தி வெஸ்ட் முதலில் விடைபெற்றார். ஓராண்டு நிறையுமுன் மனைவியும் பின்சென்றார். இறப்பதற்கு முன்னாள் அவர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகள் அறிவித்தார்கள். திரையில் கணவரை அதட்டிய அந்தப் பெண் தாமே என்று அவர் அறிந்தாரா? அந்தக் கேள்வியை நாம் இப்போது கேட்பதில்லை.

நம் பங்கில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாள்களில், கடைசித் தெருவில் ஒரு பாட்டியார் இருக்கிறார். சென்ற வெள்ளியன்று, அமர்ந்திருந்த கால் மணி நேரத்தில், "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் பெயரும் ஊரும் சொன்னோம். நான்காம் முறையும் அவர், "அப்படியா, ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கீங்க" என்று முகம் மலர்ந்தார்.