புது வண்டிக்குப் பழைய முகம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்

காலம் முன்னோக்கி ஓடுகிறது. மனித மனமோ ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. வீட்டில் மின்சார கிரைண்டர் வந்த பிறகும் ஆட்டுக்கல்லை வாசலில் வைத்திருக்கிறோம். கையில் செல்பேசி இருந்தும் பழைய ரேடியோப் பெட்டியின் வடிவில் செய்த ஒலிபெருக்கியை ஆசையோடு வாங்குகிறோம். இது வீண் ஆசையா? வெறும் மேற்பூச்சா? அல்லது அதற்குள் வேறு பொருள் உண்டா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் சிறிய காருக்கு எங்கள் கைகளாலேயே பழங்காலத் தோற்றம் கொடுத்தோம். அப்போது இக்கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் பி-1 என்னும் சிறு காரை வைத்தது. உள்ளே இருந்தது அந்நிறுவனத்தின் மார்ச் என்ற சாதாரணக் கார்தான். வெளியே மட்டும் உருண்டை விளக்குகளோடு கூடிய பழைய முகம்! 1987-இல் விற்பனைக்கு வந்த அந்தக் காரில் 10,000 மட்டுமே செய்தார்கள். 1989-இல் பாவ், 1991-இல் ஃபிகாரோ என்று அதே வழியில் மேலும் வண்டிகள் வந்தன. 20,000 மட்டுமே செய்யப்பட்ட ஃபிகாரோவை வாங்கப் போட்டி மிகுந்ததால் குலுக்கல் முறையில் விற்றார்கள். பின்னர் 1998-இல் ஃபோக்ஸ்வாகனின் நியூ பீட்டில், 2001-இல் புதிய மினி, 2007-இல் புதிய ஃபியட் 500 என்று ஐரோப்பியரும் அதே வழியில் நடந்தனர். பெரிய தொழிற்சாலைகள் செய்ததை ஒரு சிறிய வீட்டின் வாசலில் செய்ய முடியுமா? செய்து பார்த்தோம்.

எங்கள் ஊர் கரூர். கைத்தறிக்கும் பேருந்துக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். என் அம்மாவின் தந்தை, எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால் அப்புச்சி, டிங்கர் வேலை செய்தவர். பதினைந்து வயதில் சுத்தியலைப் பிடித்தார். அவர் தொழில் பழகிய 1960களில் நம் சாலைகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை மூன்றே வகை: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றுள் ஹெரால்டு சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட கார். மட்கார்டோடு சேர்ந்து அதன் முன்பகுதி முழுவதும் முன்பக்கமாகத் திறந்து கவிழும். அந்த அழகை அப்புச்சி இன்றும் கைகளால் காட்டித்தான் விளக்குவார்.

அந்தக் கைகள் ஒன்பது ஆண்டுகளாகச் சும்மா இருந்தன. இன்று கதவு நசுங்கினால் கதவையே மாற்றிவிடுகிறார்கள். சிறு நசுங்கல் என்றால் பட்டியை அப்பித் தேய்த்துவிடுகிறார்கள். தகட்டை அடித்து அடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் பொறுமைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, ஐம்பது ஆண்டுச் சுத்தியல் ஓசை அப்புச்சியின் காதுகளையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. 76 வயதில் திண்ணையில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது.

அப்பா வாங்கியது பழைய வண்டி ஒன்று: 2013-ஆம் ஆண்டு ஆல்ட்டோ 800. வெள்ளை நிறம் மங்கியிருந்தது. பின் இடப்பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்கு நசுங்கல். கதவை மாற்றச் சொன்னார்கள். "நாமே செய்யலாமே" என்றேன் நான். "பதினையாயிரத்துக்கு மேலே ஒரு காசு தரமாட்டேன், பள்ளிக்கூடம் திறக்கறப்ப வண்டி ஓடணும்" என்றார் அப்பா. அவர் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். பேருந்து போகாத வழி. வண்டி இல்லையென்றால் அவருக்கு நாளும் இல்லை.

வேலை தொடங்குமுன் சட்டத்தைப் பார்த்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே எங்களுக்கு நாங்களே ஒரு வரம்பு கட்டிக்கொண்டோம். நீளம், அகலம், எஞ்சின், சக்கர அளவு, விளக்குகள் ஆகியவற்றில் கை வைப்பதில்லை. உருண்டை விளக்குப் பொருத்தினால் அழகுதான். ஆனால் அதற்காகத் தகட்டை வெட்ட வேண்டும்; ஒளி விழும் கோணமும் மாறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். நிறமும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரமே. எனவே நிறமாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, இசைவு பெற்ற பிறகே வண்டியில் கை வைத்தோம்.

முதல் வேலை அந்தக் கதவு. உள்பக்க அட்டையைக் கழற்றி, நசுங்கலுக்குப் பின்னால் டாலி எனப்படும் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மெல்லத் தட்ட வேண்டும். அம்பாசிடரின் தகடு தடித்தது, அடியைத் தாங்கும். இன்றைய காரின் தகடோ மெல்லியது. அளவு மீறி அடித்தால் தகடு நீண்டு, குழி இருந்த இடத்தில் மேடு தோன்றிவிடும். டாலி சரியாக அடிக்கு நேர் பின்னால் இருக்கிறதா என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். டாலியின் மேல் அடி விழுந்தால் 'டங்' என்று தெளிந்த ஓசை. விலகி விழுந்தால் 'டொப்' என்று மந்த ஓசை.

அப்புச்சி சுத்தியலை எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கையைத் தொங்கவிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணு, எனக்குச் சத்தம் கேக்கல" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்தது வயதால் அன்று. தம் தொழிலின் பாதியைக் காது கொண்டுபோய்விட்டது என்பதை யாரிடமும் சொல்லாமலே ஒதுங்கியிருக்கிறார்!

நான் அவர் எதிரே அமர்ந்தேன். ஓசை தெளிவாக இருந்தால் தலையசைப்பேன்; மந்தமாக இருந்தால் கையை விரிப்பேன். அவர் டாலியை நகர்த்துவார். மூன்று நாட்கள் இப்படியே நடந்தது. இரண்டாம் நாள் மாலை சுத்தியலை என் கையில் கொடுத்தார். மெல்லிய துணியைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மீது உள்ளங்கையை வைத்து ஓட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் அந்தத் துணி வழியே கைக்குத் தெரிந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிகளை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த உள்ளங்கையும் ஒரு கருவி என்று அன்று அறிந்தேன்.

அடுத்தது பூச்சு. இன்று பட்டறைகளில் பயன்படும் பி.யு. பூச்சு பளபளப்பானது, உறுதியானது. ஆனால் அதன் கெட்டிப்படுத்தும் கலவையில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. நாலு வீட்டு மக்கள் நடமாடும் இடத்தில் அது வேண்டாம் என்று பழைய முறையான டூகோ பூச்சையே எடுத்தோம். அதுவும் விளையாட்டன்று, எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு எரியாத நேரம் பார்த்து, தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, கரிவடிகட்டி உள்ள முகமூடி அணிந்து, வாடகைக்கு எடுத்த கம்ப்ரசரைக் கொண்டு அடித்தோம்.

சித்திரை வெயிலில்தான் இந்த வேலை செய்ய வேண்டும் என்று அப்புச்சி பிடிவாதமாக இருந்தார். காரணம் கேட்டதற்கு, "மழை ஈரத்துல அடிச்சா பூச்சு வெளுத்துப் போகும்" என்றார். அதன் இயற்பியல் எனக்குத் தெரியும். டூகோவில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பூச்சின் மேல் நீராகப் படிந்து வெண்மை தட்டுகிறது. நான் வகுப்பில் படித்ததை அவர் பட்டறையில் கற்றிருக்கிறார். அவ்வளவே வேறுபாடு.

கீழ்ப்பாதிக்கு இளம்பச்சை, மேற்பாதிக்கு வெண்ணெய் நிறம். இரண்டும் சேரும் கோட்டின் மேல், எங்கள் ஊரில் பேருந்துக் கூட்டுக்கு வைக்கும் அலுமினியப் பட்டை. அதைத் திருகாணியால் முடுக்காமல் இருபக்கம் ஒட்டும் நாடாவால் பொருத்தினோம். ஓட்டை போட்டால் அங்கிருந்து துரு தொடங்கும். இரும்பும் அலுமினியமும் நேரே தொட்டு, இடையில் நீரும் தங்கினால் அரிப்பு இன்னும் விரையும். முகப்பில் அதே பட்டையைக் குறுக்குக் கம்பிகளாக வைத்தோம். ரேடியேட்டருக்குக் காற்று தடைப்படாதபடி இரு விரல் இடைவெளி விட்டோம். 12 அங்குலச் சக்கரத்தின் நடுமூடிகளுக்கு அப்புச்சி மணல் மூட்டையின் மேல் மெல்லிய தகட்டை வைத்துத் தட்டி, குமிழ் போன்ற கிண்ணங்கள் செய்தார். இருக்கைகளுக்குப் பழுப்பு நிற உறை தைத்தவர் அம்மா.

எல்லாம் முடியும் வேளையில்தான் சிக்கல் வந்தது. பரணிலிருந்து சாக்கில் சுற்றிய பொருளொன்றை அப்புச்சி இறக்கினார். ஹெரால்டு காரின் இரும்பு பம்பர்! பட்டறையை விட்டு வந்தபோது அவர் கேட்டு வாங்கிவந்த ஒரே பொருள் அது. அதை முகப்பில் பொருத்த வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

"வேண்டாமுங்க அப்புச்சி" என்றேன். சொல்லும்போதே என் குரல் தாழ்ந்தது. காரின் முன்னால் இரும்புத் தடுப்பு வைப்போர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; கணக்கு என்ன சொல்கிறது? மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதுகிறது. முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் தாங்க வேண்டிய எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கி நின்றால் ஏறத்தாழ 50 மடங்கு! வண்டி நசுங்குவதே மனிதனைக் காக்கிறது. இதை உணர்ந்து, மோதினால் நசுங்கும்படியே திட்டமிட்ட முன்பகுதியோடு 1959-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார் வந்தது. இன்றைய பிளாஸ்டிக் பம்பரின் மென்மைக்கும் பொருள் உண்டு. குறுக்கே வந்துவிட்ட ஒரு சிறுவனின் காலுக்கு இரும்பு பம்பர் உலக்கையன்றோ!

இவற்றைத் தாளில் எழுதிக் காட்டினேன். அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாட்கள் வண்டியின் பக்கமே வரவில்லை. ஆசையோடு வந்த ஒரே வேலையை நானே பறித்துவிட்டேனோ என்று வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அப்பா நாள்தோறும் உட்காரும் வண்டி அது. நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரே வந்தார். "நீ எழுதுனதை யோசிச்சுப் பார்த்தேன் கண்ணு. முன்னெல்லாம் இடிபட்டு வர்ற வண்டியில முகப்பு அப்படியே இருக்கும். ஸ்டியரிங் மட்டும் வளைஞ்சிருக்கும். யாரு வளைச்சதுன்னு நாங்க பேசிக்க மாட்டோம்" என்றார். பிறகு பிளாஸ்டிக் பம்பருக்கு வெள்ளி நிறம் அடிக்கச் சொல்லி, மாஸ்கிங் டேப்பைத் தாமே ஒட்டினார். அந்த ஹெரால்டு பம்பர் இப்போது எங்கள் முன்வாசல் சுவரில் பளபளப்பாக மாட்டியிருக்கிறது. அம்மா அதில் குடையை மாட்டுகிறார்.

பதினான்காயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்தது. பள்ளி திறந்த அன்று அப்பா அந்தக் காரில்தான் போனார். பெட்ரோல் பங்கில், "இது என்ன வண்டிங்க?" என்று கேட்காதவர் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி வேறு. பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், "கதவுல பட்டி எங்கே போட்டிருக்கீங்க?" என்று தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புச்சி பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துத் துணியின் மேல் வைத்து, கதவு நெடுகிலும் ஓட்டினார். இப்போது அந்த இளைஞர் ஞாயிறுதோறும் வருகிறார். காது கேட்கும் வேலையை அவரும் நானும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

நண்பர்களே, பழைய முகத்தைக் கடையில் வாங்கிவிடலாம். ஒட்டுத்தாளாகவும் பிளாஸ்டிக்காகவும் அது கிடைக்கிறது. அப்படி வாங்கினால் அது மேற்பூச்சுத்தான். ஆனால் அந்த முகத்தைச் செய்த கை இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்குமானால், அதற்கு ஒரு வேலை கொடுப்போம், அதனிடம் கற்போம். அதே வேளையில், பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றவும் வேண்டா. எது சாலைக்கு, எது சுவருக்கு என்று பிரித்தறிவதே நம் தலைமுறையின் கடமை. முன்னோர் கை தந்த வடிவமும், இன்றைய அறிவு தந்த காப்பும் சேர்ந்து ஓடும்போது பயணம் இனிதாகிறது.