பாரம் குறைத்தோம்

மக்ரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வரும் மாணவர்களுள் ஒருவர், சென்ற மாதம் ஒருநாள் பள்ளிவாசல் முன் தம் மிதிவண்டியை நிறுத்தி, "ஹஜ்ரத், கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்றார். தூக்கிப் பார்த்தோம். இலேசாகத்தான் இருந்தது. மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணிகூட இல்லை. அவை போகட்டும். பிரேக் பிடியில் வரிசையாகத் துளைகள். சீட்டைத் தாங்கும் குழாயில் துளைகள். பெடலைத் தாங்கும் கிராங்குத் தண்டிலும் துளைகள். யாரோ செய்ததைப் பார்த்துத் தாமும் வீட்டிலேயே துளைத்ததாகச் சொன்னார். துளைகள் ஒரே அளவாக, ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தன. அல்லாஹ் மன்னிப்பானாக, நம் கண்கள் முதலில் அவற்றின் அழகைத்தான் கண்டன. அச்சம் அதற்குப் பிறகே வந்தது.

அந்த அச்சத்துக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். அதனை இதுவரை எழுத்தில் வைக்காதிருந்ததற்குக் காரணம் வெட்கமேயன்றி வேறில்லை.

1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கானை நினைவூட்டும் பெயருடையது நம் ஊர் கான்சாபுரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். தென்னையும் மாவும் நெல்லும் விளையும் பூமி. நம் இளமையில் அங்கே விளைந்தவற்றுள் பாதியைச் சந்தைக்குச் சுமந்தது மிதிவண்டியே. அம்பத்தூர் ஆலையும் லூதியானா ஆலைகளும் செய்து அனுப்பிய அந்தக் கறுப்பு வண்டிகள் ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. அதன்மேல் ஆள் ஏறி, பின்னால் நெல் மூட்டையோ தேங்காய் மூட்டையோ ஏறி, சில வேளை முன்பாரில் பிள்ளையும் ஏறும். வண்டி முனகுமே தவிர ஒடியாது.

1986ஆம் ஆண்டு. நமக்குப் பதினாறு வயது. அத்தா ஒரு பழைய வண்டியை வாங்கி நம்மிடம் தந்திருந்தார்கள். சுதந்திர தினத்தையொட்டிப் பக்கத்து ஊரில் மிதிவண்டிப் பந்தயம் நடக்கவிருந்தது. அவ்வேளையில், எங்கிருந்தோ கைமாறி வந்த பழைய ஆங்கில இதழ் ஒன்றில் எடி மெர்க்ஸ் என்னும் பெல்ஜிய வீரரின் படத்தைப் பார்த்தோம். 1972 அக்டோபர் 25ஆம் நாள், மெக்சிகோ நகரின் வட்டத் தடத்தில், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர் அவர். அதற்கென இத்தாலிய வினைஞர் எர்னஸ்டோ கொல்னாகோ செய்து கொடுத்த வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவானது. எடையைக் குறைப்பதற்காக அதன் கைப்பிடியிலும் சங்கிலியிலும்கூடத் துளையிட்டிருந்தார்கள். அதன்பின் ஐரோப்பாவில் பந்தயக்காரர் பலர் கண்ட பாகங்களையெல்லாம் துளைத்துக் கொண்டாடியதொரு காலமும் இருந்தது.

படத்தில் நாம் கண்டவை துளைகள் மட்டுமே. காணாதவை பல. அந்த வண்டி ஒரு மணி நேரத்துக்கென்று பிறந்தது. அது ஓடிய தடத்தில் பள்ளமில்லை, கல்லில்லை, எதிரே மாட்டுவண்டி வருவதில்லை. எங்கே துளைக்கலாம், எங்கே துளைக்கலாகாது என்பதை வாழ்நாள் முழுதும் இரும்பைத் தொட்டு அறிந்த கைகள் முடிவு செய்திருந்தன. நம்மிடம் இருந்ததோ தச்சரிடம் இரவல் வாங்கிய கைத்துளைக் கருவியும், வெட்டுமுனை சூடேறாமலிருக்க ஊற்றிய தேங்காய் எண்ணெயும், பதினாறு வயதும்தான்.

கேரியரையும் ஸ்டாண்டையும் மட்கார்டுகளையும் செயின் கவரையும் கழற்றியதிலேயே மூன்று நான்கு கிலோ குறைந்துவிட்டது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மனம் நிற்கவில்லை. அஸருக்குப் பின் அமர்ந்தால் மக்ரிப் பாங்கு ஒலிக்கும் வரை ஒரு துளை. அவ்வாறு கிராங்குத் தண்டு ஒவ்வொன்றிலும் ஐந்து துளைகள் இட்டோம். நடுவே சிறியவை, அச்சுக்கு அருகே தண்டு பருமனாக இருந்தமையால் அங்கே மட்டும் பெரியது. பருத்த இடத்தில் மிகுதியாக எடுக்கலாம் என்பது நம் கணக்கு.

பந்தயத்தில் நாம் நான்காவதாக வந்தோம். முதலாவதாக வந்தவர் வாழைத்தார் ஏற்றும் இளைஞர். கேரியரைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை.

மறு ஆண்டு நம்மை ஓதுவதற்காக வேலூருக்கு அனுப்ப முடிவாயிற்று. வண்டியை விற்றுவிடலாம் என்றார்கள் அத்தா. துளைகளோடு கொண்டுபோனால் விலை போகாது. ஆகவே மெழுகில் இரும்புத்தூளைக் குழைத்து அடைத்து, மேலே கறுப்பு வண்ணம் பூசினோம். கழற்றியவற்றையெல்லாம் திரும்பப் பூட்டினோம். வாங்க வந்தவர் தேங்காயும் இளநீரும் கட்டிச் சந்தைக்குச் செல்லும் ஓர் அண்ணாச்சி. "வண்டி நல்ல வண்டிதானே, ராவுத்தர்?" என்று அத்தாவைக் கேட்டார். "நல்ல வண்டிதான்" என்றார்கள் அத்தா. அத்தா பொய் சொல்லவில்லை, அறியாமல் சொன்னார்கள். அறிந்தவர் அங்கே ஒருவரே இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

வேலூருக்குப் புறப்படச் சில நாட்களே இருந்தபோது, வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் அண்ணாச்சி பெடல்மேல் எழுந்து நின்று மிதிக்கையில் இடப்பக்கத்துக் கிராங்கு ஒடிந்தது. சுமையோடு சாய்ந்தார். மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலையில்லை. ஊரார் சுமை அதிகம் என்றார்கள். அவரும் தம் நேரத்தையே நொந்துகொண்டார். நம்மை எவரும் ஐயுறவில்லை.

வண்டி கொல்லுப்பட்டறைக்கு வந்தது. நாமும் போய் நின்றோம். பட்டறைக்காரர் முறிந்த துண்டைத் திருப்பிக் காட்டினார். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கருத்துத் துருவேறி இருந்தது. எஞ்சியது புதிதாய் உடைத்த கற்கண்டுபோல் மின்னிற்று. "இது இன்னைக்கு ஒடிஞ்சதில்லை தம்பி. கருப்பா இருக்கிறது எப்பவோ விட்ட விரிசல். மினுங்குறதுதான் இன்னைக்குப் போனது" என்றார். பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார். நம்மை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைவிட ஓர் அறை இலேசாக இருந்திருக்கும்.

அவர் அன்று விரல் வைத்துக் காட்டியதன் விளக்கத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே நூல்களில் கண்டோம். நீரோட்டத்தின் நடுவே ஒரு தூணை நட்டால், தூணின் இரு பக்கத்திலும் நீர் நெருக்கிக்கொண்டு விரைந்து ஓடும். இரும்பினுள் ஓடும் விசையும் அத்தகையதே. துளை இட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு, அதன் விளிம்பில் வந்து குவியும். இழுவிசைக்கு உள்ளான அகன்ற தகட்டில் சிறிய வட்டத் துளை இருப்பின், அதன் விளிம்பில் விசையின் அழுத்தம் மூன்று மடங்காகும் என்று 1898இல் கிர்ஷ் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே துளையில் போன இரும்பு எவ்வளவு என்பது மட்டும் கேள்வியன்று. எஞ்சிய இரும்பின்மேல் என்ன வந்து விழுகிறது என்பதே கேள்வி.

மேலும், இரும்பு ஒரே சுமையில் ஒடியாதிருந்தால் எப்போதுமே ஒடியாது என்பதும் இல்லை. 1842 மே 8ஆம் நாள் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் சென்ற இரயிலின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவரை நாள்தோறும் தாங்கிய அச்சு அது. மாறி மாறி வரும் சிறு விசைகளால் உலோகம் களைப்படைகிறது என்பதை, அதன்பின் வந்த ஆண்டுகளில், ஆகஸ்டு வூலர் என்பார் இரயில் அச்சுகளைப் பன்முறை சோதித்து நிறுவினார். ஒரு வரம்புக்குக் கீழ்ப்பட்ட விசையை எஃகு பெரும்பாலும் சலிக்காமல் தாங்கும். இன்றைய மிதிவண்டிகளில் மிகுதியாகப் பயன்படும் அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான வரம்பும் இல்லை. அது ஒவ்வொரு மிதியையும் நினைவில் வைத்துக்கொள்கிறது.

நம் பெரிய துளையின் பிழையும் அப்போதுதான் விளங்கிற்று. மரக்கிளையின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் கிளை ஒடிவது அடியில் அல்லவா? பெடலில் மிதிக்கும் விசை, கிராங்குத் தண்டை அச்சருகேதான் மிகுதியாக வளைக்கிறது. அதற்காகவே அந்த இடத்தைப் பருமனாகச் செய்திருந்தார்கள். நாம் அதனை வீண் சதை என்று கருதினோம். எடைக்கணக்கையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு தண்டுகளிலுமாக நாம் குறைத்தது சுமார் 50 கிராம். பந்தயத்தன்று காலையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் குறைத்துக் குடித்திருந்தால் அதனைப்போல் மூன்று நான்கு பங்கு குறைந்திருக்கும்!

எடையைக் குறைப்பதே தவறு என்பது நம் கருத்தன்று. பறவையின் எலும்பும் நாணலும் உள்ளே வெறுமையாயிருந்தும் வலுவாயிருப்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஒரே அளவு பொருளைக் குழாயாக்கினால் கம்பியைவிட வளைவை நன்கு தாங்கும். மிதிவண்டியின் சட்டமே குழாய்களால் ஆனதுதான். அவற்றை வகுத்தவர் வெறுமையை எங்கே வைக்கலாம் என்று அளந்து வைத்தார். நாம் ஆசைப்பட்ட இடத்திலெல்லாம் வைத்தோம். பந்தய வண்டிகளுக்கே 2000ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று உலக மிதிவண்டிச் சங்கம் விதி வகுத்தது. வல்லுநர்களுக்கே வரம்பு வேண்டியிருக்கிறது. நம் மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி, கிராங்கையும் சீட்டுத் தண்டையும் பிரேக் பிடியையும் மாற்றும் வரை வண்டியில் ஏறலாகாது என்றோம். முகம் வாடினார். மறுநாள் நடந்து வந்தார்.

அவரிடம் சொல்லாததையும் இங்கே எழுதிவிடுகிறோம்.

வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நான்காம் ஆண்டில், வியாபாரத்தைப் பற்றிய பாடத்தில் 'கியாருல் ஐப்' வந்தது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது அதன் சாரம். அதையொட்டி உஸ்தாத் அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தியை எடுத்துச் சொன்னார்கள். கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் திருக்கரத்தை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட செய்தி அது. மழையில் நனைந்தது என்றான் வணிகன். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். வகுப்பில் அனைவரும் குறிப்பெழுதிக்கொண்டிருந்தனர். நம் விரல்களில் மெழுகும் இரும்புத்தூளும் ஒட்டியிருப்பதுபோல் தோன்றியது.

பிறகு பொறுப்பு ஈடு பற்றிய பாடம். கேட்டை நேராகச் செய்தவன் முபாஷிர். அவன் கருதாமல் செய்திருந்தாலும் ஈடு கொடுக்க வேண்டும். கேட்டுக்குக் காரணமாக மட்டும் அமைந்தவன் முதஸப்பிப். அவன் வரம்பு மீறியிருந்தாலன்றி அவன்மீது ஈடு இல்லை. இந்த இரண்டாம் விதியில் நமக்கு ஒரு புகலிடம் கிடைக்குமா என்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது, மூன்று நாள் தேடினோம். விழுந்தவர் தாமே ஏறினார், தாமே சுமை ஏற்றினார் அல்லவா? துளைத்தது மட்டுமாயின் வாதாடியிருக்கலாம். அடைத்து வண்ணம் பூசினோமே, அதனை எந்த மத்ஹபில் கொண்டுபோய் வைப்பது?

அவ்வாண்டு ரமலான் விடுமுறையில் ஊர் சென்றபோது, சேர்த்து வைத்திருந்த முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனோம். அவர் திண்ணையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, ஆலிமாயிட்டீகளா?" என்று எழுந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டு முடித்ததும் வலக்கையை நீட்டி மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அது ஓரளவுக்கு மேல் மடங்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பேனே தம்பி" என்றார்.

பணத்தை நீட்டினோம். எண்ணினார். "கைக்கு நான் காசு வாங்க மாட்டேன். கிராங்கு செட்டுக்கு மட்டும் கொடுங்க. அது நான் என் காசுல வாங்கிப் போட்டது" என்று இருபத்தைந்து ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியை நம் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அமர்ந்து, இடக்கையால் தேங்காயைப் பிடித்து உரிக்கத் தொடங்கினார்.