கூரை இல்லாத கோயில்

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கவென்ட்ரி நகரம் வந்துவிடுகிறது. சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் பெயர்போன ஊர். இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சாதாரணமாக இங்கே இறங்குவதில்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு அருகில் இருப்பதால் அங்கே போய்விடுகிறார்கள். நாமும் அப்படித்தான் உத்தேசித்திருந்தோம். நம்முடன் வந்த பாளையங்கோட்டை நண்பர் விடவில்லை. "ஷேக்ஸ்பியர் நாளைக்கும் அங்கேயே இருப்பார், ஐயா! இன்று வெள்ளிக்கிழமை. உச்சிவேளைக்குள் கவென்ட்ரிக் கோயிலில் இருக்க வேண்டும்" என்றார். நண்பர் பரம்பரைக் கிறிஸ்தவர். கோயில் விஷயத்தில் அவரோடு வாதாடிப் பயனில்லை என்பது நமக்குத் தெரியும்.

வழியெல்லாம் யுத்தத்துக்குப் பின் எழுந்த சிமெண்டுக் கட்டடங்கள். பழைய ஊரின் சின்னங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கண்ணில் படுகின்றன. அவற்றுக்கிடையே 295 அடி உயரமுள்ள கோபுரம் ஒன்று ஊசிபோல் நிற்கிறது. அதை நோக்கி நடந்தால் போதும். வழி கேட்க வேண்டியதில்லை.

கோபுரத்தின் அடியில் நாம் கண்டது விசித்திரமான கோயில். செந்நிறக் கல் மதில்கள் நான்கு புறமும் நிற்கின்றன. ஜன்னல்களின் கல் வேலைப்பாடு நிற்கிறது, கண்ணாடி இல்லை. தூண்கள் இருந்த இடத்தில் வெறும் அடிக்கல்கள். மேலே கூரைக்குப் பதில் ஆகாயம். நாம் போனபோது அந்த ஆகாயம் தூறிக்கொண்டிருந்தது.

1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு, நல்ல நிலா. ஜெர்மானிய விமானங்கள் சுமார் ஐந்நூறு இந்த ஊரின்மேல் வந்தன. விமான எஞ்சின்களும் யந்திரக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் இங்கே நிறைந்திருந்ததே காரணம். தலைமைப் பாதிரியார் ரிச்சர்டு ஹோவார்டும், கல் தச்சர் ஜாக் போர்ப்ஸும், வேறு இரண்டு வாலிபர்களும் கோயில் கூரைமேல் ஏறி, விழுந்த எரிகுண்டுகளை மணலைப் போட்டு அணைத்தார்கள். ஒன்றை அணைத்தால் நான்கு விழுந்தன. தீயணைப்புப் படையின் குழாய்களில் தண்ணீர் நின்றுவிட்டது. பொழுது விடியும்போது கோயிலும் இல்லை, ஊரில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் இல்லை. இறந்தவர்கள் 568 பேர். அவர்களில் பலரை ஒரே நீண்ட குழியில் அடக்கம் செய்தார்கள். தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் மறுபடியும் ஓட ஆரம்பித்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடிபாட்டில் இரண்டு கரிந்த உத்திரங்கள் சிலுவைபோல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கல் தச்சர் போர்ப்ஸ் அவற்றை அப்படியே சேர்த்துக் கட்டி நிறுத்தினார். இன்னொரு பாதிரியார், எரிந்த கூரையிலிருந்து உதிர்ந்த பழைய ஆணிகள் மூன்றை எடுத்துச் சிறு சிலுவையாக்கினார். உத்திரச் சிலுவை இப்போது பக்கத்திலுள்ள புதிய கோயிலுக்குள் இருக்கிறது. வெளியே நிற்பது அதன் பிரதி. அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் அன்று ஹோவார்டு இந்த இடிபாட்டிலிருந்தே ரேடியோவில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை விலக்க முயல்கிறோம் என்றார். பிணங்களைப் புதைத்துச் சுமார் ஐந்து வாரம் ஆகியிருந்த ஊரில் அதைக் கேட்டு எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்களோ!

1948-இல் அவர் பீடத்தின் பின்சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: "பிதாவே, மன்னியும்." சிலுவையில் இயேசு 'இவர்களை' மன்னிக்கும்படி வேண்டியதாகச் சுவிசேஷம் சொல்கிறது. ஹோவார்டு வேண்டுமென்றே அந்த 'இவர்களை' விட்டுவிட்டார். குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பது அவருடைய கருத்து.

நண்பர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் ஜெபத்தில் தமிழில் என்ன சொல்லுகிறோம் தெரியுமா? பாவம் என்று இல்லை, ஐயா. கடன் என்றுதான் இருக்கிறது. கடனை மன்னிக்கத்தான் கேட்கிறோம். மத்தேயு எழுதிய கிரேக்கத்திலும் கடன்தான்" என்றார்.

அந்தச் சொல் நம்மை வேறு கணக்குகளுக்கு இழுத்துச் சென்றது. யுத்தத்தில் வென்ற பிரிட்டன் 1946-இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. யுத்த காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி அந்த ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. கடனின் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பரில். யுத்தத்தில் சுட்டவர்களின் பேரப் பிள்ளைகளும் அதற்கு வரி கொடுத்திருக்கிறார்கள். தோற்ற ஜெர்மனிக்கோ 1953-இல் லண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையில் பழைய கடன்களில் ஏறக்குறையப் பாதி தள்ளுபடியாயிற்று. தள்ளிக் கொடுத்தவர்களில் பிரிட்டனும் ஒன்று. அப்போது இங்கிலாந்தில் இறைச்சியும் சர்க்கரையும் இன்னும் ரேஷனில்தான்.

நமக்கும் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் உண்டு. யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து துணியும் எஃகும் தானியமும் வாங்கிய பிரிட்டன், அதற்கான தொகையை லண்டனில் பற்று எழுதிவைத்தது. அந்தப் பற்றை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி ஏறியது. 1946 வாக்கில் பிரிட்டன் நமக்குப் பட்ட கடன் ஏறக்குறைய 130 கோடி பவுன்! எஜமானன் வேலைக்காரனிடம் கடன்பட்டான் என்று அப்போது பெருமைப்பட்டவர்கள் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் அது தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. அதிலும் வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்கும், பட்டாளம் விட்டுப்போன தளவாடங்களுக்கும் ஒரு பகுதி பிடித்தம் ஆயிற்று. 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 15 லட்சம் என்று சர்க்கார் விசாரணைக் கமிஷன் சொல்லிற்று. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 லட்சம் என்கிறார்கள். யுத்தத்தில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். எந்தப் பேரேட்டில் இவர்களுக்குப் பற்று எழுதுவது?

"அந்தச் சுவரில் பெயர் போடவில்லையே, ஐயா, நம் ஜனங்களுக்குச் செய்ததும் அதற்குள் அடங்கும்" என்றார் நண்பர். இருக்கலாம். ஆனால் கப்பலில் தானியம் கேட்டபோது லண்டன் மந்திரிகள் கையை விரித்ததை நினைத்தால், நமக்கு அவ்வளவு சுலபமாக மனம் இளகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கவென்ட்ரிக்காரர்கள் சுவரில் எழுதியதோடு நிற்கவில்லை. 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் ட்ரெஸ்டன் நகரை எரித்தன. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். 1965-இல் இங்கிருந்து வாலிபர்கள் அங்கே போய், இடிந்த ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டக் கல் சுமந்தார்கள். அதற்கு முன்பே ஜெர்மானிய இளைஞர்கள் கவென்ட்ரிக்கு வந்து கொத்துவேலை செய்திருந்தார்கள். ட்ரெஸ்டனின் பெரிய கோயில் 2005-இல் மறுபடியும் எழுந்தபோது, அதன் உச்சியில் வைத்த சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்னும் லண்டன் பொற்கொல்லர். அவருடைய தகப்பனார் அந்த ஊரின்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர்.

மணி பன்னிரண்டு அடித்தது. குடைகளோடு இருபது பேர் கூடினார்கள். பாதிரியார் மனிதரின் தீமைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஏழு முறையும் கூட்டம் அந்த இரண்டு சொற்களையே பதிலாகச் சொல்லிற்று. பகை, பேராசை, பொறாமை, கர்வம், அகதிகளிடம் பாராமுகம் என்று போகிறது அந்த ஜபம். நடுவில், தேசங்கள் தமக்குச் சொந்தமல்லாததை அடைய நினைக்கும் ஆசையும் வந்தது. அந்த இடத்தில் நண்பர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆங்கிலேய மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே பதில் சொன்னாள்.

நாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஜபம் முடிவதற்குள் தூறல் மழையாகிவிட்டது. மூதாட்டி தன் குடையில் பாதியை நம் பக்கம் சாய்த்தாள்.