கறுவாவும் ஆப்பிளும்

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் என் மகள் குடியிருக்கிறாள். அங்கே காலை உணவோடு ஆப்பிள் பொரியல் பரிமாறுவது பழைய வழக்கம். கீற்றுகளாக நறுக்கிய பழத்தைக் கனத்த இரும்பு வாணலியில் கொழுப்பிட்டு வதக்கி, பழுப்புச் சர்க்கரையும் கறுவாத்தூளும் தூவிப் பாகு பிடிக்கும்வரை வைப்பார்கள்.

கொழுப்பு என்றேனே, சிக்கல் அங்கேதான். பன்றி இறைச்சியை வறுத்தபின் சட்டியில் தங்கும் கொழுப்பில் வதக்குவது அந்நாட்டுப் பாட்டிமார் பலரின் கைப்பக்குவம். அடுத்த வீட்டு அம்மையார் ஒரு தட்டுக் கொண்டுவரப்போவதாகச் சொல்ல, மகள் தொலைபேசியில் கேட்டாள்: "வாப்பா, வேண்டாமென்றால் மனம் நோவாரே, என்ன செய்வது?" அண்டை வீட்டாரின் உரிமையும் மார்க்கத்தில் உண்டு, ஹராமின் எல்லையும் உண்டு. "எதில் வதக்குவீர்கள் என்று அன்போடு கேள், மகளே, கேட்பது அவமதிப்பாகாது" என்றேன். கேட்டாள். பன்றிக் கொழுப்பேதான். அம்மையார் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் மகளின் அடுப்பில், மகளின் சட்டியில், வெண்ணெயிட்டுச் செய்து காட்டினார்.

இங்கே நானும் செய்து பார்த்தேன். நான்கு பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். புளிப்பும் கெட்டியுமான பழமே ஏற்றது. மாவுப் பழம் குழைந்துவிடும். அமெரிக்கக் கடைகளில் விற்பது பெரும்பாலும் காசியாப் பட்டை, காரம் மிகுந்தது. இலங்கைக் கறுவா மென்மையானது. 1344இல் அங்குச் சென்ற இப்னு பதூதா, புத்தளக் கரையில் ஆற்று வெள்ளம் கொணர்ந்த கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மஅபர், மலபார் மக்கள் விலையின்றி ஏற்றிச் சென்று, மன்னருக்குத் துணி முதலியன அளித்ததையும் எழுதியுள்ளார்.

என் மனைவியோ, ஏலக்காய் போட்டிருக்கலாம் என்கிறாள்.