மஞ்சள் விளக்கு

மோட்டார் சைக்கிளை நம்பி மலைப்பாதையில் ஏறி இறங்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு விளக்கைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். வேகமானிக்கு அருகே, ‘ஏ.பி.எஸ்.’ என்னும் எழுத்துகளோடு மஞ்சளாக எரியும் சிறு விளக்கு அது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திற்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அவ்வமைப்பு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. விளக்கும் கூடவே வந்தது. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும். வண்டி சற்று ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால்தான் கதை.

சாந்திபுரத்தில் என் மாமா தம் வண்டியின் முன்சக்கர பிரேக் பேடுகளைத் தாமே மாற்றினார். பழையவை தேய்ந்து, அடித்தகடே டிஸ்கை உரசத் தொடங்கியிருந்தது. வேலை சுத்தமாகவே முடிந்தது. பிரேக் பிடியைப் பலமுறை அழுத்தி, இறுக்கம் வந்த பின்பே வண்டியை எடுத்தார். (புதிய பேடு போட்டவர் யாரும் இதை மறக்கலாகாது, முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமலே போகலாம்.) தெருமுனை வரை ஓட்டினார். விளக்கு அணையவில்லை. மறுநாளோ அத்தையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பலமநேர் வழியாகச் சித்தூர் செல்ல வேண்டும். இடையில் மொகிலி மலைப்பாதை. லாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும் சரிவு.

பக்கத்துக் கடை மெக்கானிக் தெலுங்கில் ஆறுதல் கூறினார்: பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்று. அதில் பாதி உண்மை. பிரேக் செத்துவிட்டது என்று அவ்விளக்கு சொல்லவில்லை. திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதைத் தடுக்க இன்று நான் இல்லை என்றே சொல்கிறது. மணல் சிதறிய வளைவில், இருவர் ஏறிய வண்டியின் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? டேப்புக்கு நான் உடன்படவில்லை. “ஏம்ப்பா, எம்.எஸ்ஸி. படிக்கிறவன், நீயே பாரேன்” என்றார் மாமா. கேலி பாதி, கவலை பாதி.

முதலில் ஐயுற வேண்டியது விளக்கையே. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மட்டும் ஓடவிட்டால், முன்சக்கரம் நிற்பதைக் கண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பி விளக்கை ஏற்றுவதுண்டு. சாவியை அணைத்து மீண்டும் போட்டு ஓட்டினால் அது தீரும். எங்களுக்குத் தீரவில்லை. ப்யூஸ் நலம், வயர் இணைப்பும் இறுக்கம். அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் அவர்கள் பஸ்ஸில் போனார்கள். அத்தைக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

சக்கரத்தோடு துளையிட்ட வளையம் ஒன்று சுழல்கிறது. அதை ஒட்டி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், உணர்கருவி ஒன்று அசையாமல் நிற்கிறது. துளையும் உலோகமும் மாறி மாறிக் கடக்க, காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அதிலிருந்து வேகம் கணக்காகிறது. பழைய வகைக் கருவியில் இருப்பது கம்பிச்சுருள்: 1831இல் பாரடே கண்ட மின்தூண்டல். புதியவற்றில் பலவும் 1879இல் ஹால் கண்ட விளைவைக் கொண்டு இயங்குவன. மதிப்பெண்ணுக்காக நாம் உருப்போட்ட இரண்டும் அங்கே சக்கரத்தடியில் சேறு பூசிக்கொண்டு உழைக்கின்றன! துளை வளையத்தைப் படிக்கும் இவ்விரு வகையிலும் உள்ளே ஒரு காந்தம் உண்டு. காந்தம் இருக்குமிடத்தில் இரும்புத்தூள் சும்மா இருக்குமா?

ஒரேயொரு போல்ட்டைக் கழற்றிக் கருவியை வெளியே எடுத்தேன். தேய்ந்த தகடு அராவிய தூள், முனையில் மீசைபோல் ஒட்டியிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தேன். வளையம் நெளிந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். பூட்டிய பின், பீலர் கேஜ் கொண்டு இடைவெளியைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டேன். தெருமுனையை எட்டுவதற்குள் விளக்கு அணைந்தது.

அப்போதும் அணையாதிருந்தால், பிழைக்குறி படிக்கும் கருவியுள்ள பணிமனைக்கே வண்டி போயிருக்க வேண்டும். காரில் வியப்புக்குறியோடு சிவப்பாக எரியும் விளக்கு வேறு. கைபிரேக்கை இறக்கிய பின்னும் அது எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம், வண்டியை நகர்த்தவே கூடாது.

துணியில் ஒட்டிய தூளை மெக்கானிக் அண்ணன் கேட்டு வாங்கினார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அருகே கொண்டுசென்றார்; தூள் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொண்டது. மாலையில் நான் அவ்வழியே திரும்பியபோது, வேறொரு வண்டியின் முன்சக்கரத்தருகே குனிந்திருந்தார்.